வாவிக்குயிலோனின் ஒரே பாட்டு

குருக்கள்மடத்தில் கோணாமலை வீடு எது என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்றால் சின்னப் பிள்ளையும் வாசற்படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடும். வாவிக்குயிலோன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட புனைபெயர். இருந்தாலும் வாவிக்குயிலோன் எழுதியதில் ஒரு பிரதியாவது இல்லாத வீடு மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் கிடையாது என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். அதில் பொய் ஒன்றுமில்லை. அவர் எழுதியது கல்வெட்டு.

கல்வெட்டு என்றால் உளியும் கல்லும் வேண்டியதில்லை. ஆள் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டில் கிரியை நடக்கும்போது வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறிய புத்தகம் அது. அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே இறந்த நாளைச் சொல்லும் ஒரு திதி வெண்பா, அதன் பின்னே பக்கம் பக்கமாகப் புலம்பல், கடைசியில் வந்தவர்களுக்கு நன்றி. சோறு போடுவதற்கு முன்னால் குரல் உள்ள ஒருவர் அதை இராகம் போட்டு வாசிப்பார். பெண்கள் அழுவார்கள். நன்றாக அழுதார்கள் என்றால் கல்வெட்டு நல்ல கல்வெட்டு.

முதல் கல்வெட்டைக் கோணாமலை உயிரைக் கொடுத்துத்தான் எழுதினார். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்காக எழுதியது. எதுகை பிடித்து, மோனை பிடித்து, சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதும் முணுமுணுத்துத் திரிந்து, கடைசியில் கூப்பன் சாமானுக்கு மிச்சக் காசு கொடுக்க மறந்து ஏச்சும் வாங்கி எழுதியது அது. ‘வாவிசூழ் நாட்டில் வளர்ந்த பெருந்தகையே, ஆவி பிரிந்தாய் அமுத மதிமுகமே’ என்று தொடங்கும். ஊரே அழுதது. அடுத்த கிழமையே இன்னொரு சாவு. அவர்களும் வந்து நின்றார்கள். புதிதாக யோசிக்க நேரமில்லை. கோணாமலை பெயரையும் திதியையும் மாற்றிக் கொடுத்தார். ஊர் முன்பைவிட நன்றாக அழுதது, ஏனென்றால் இப்போது பாட்டு பாதி பேருக்குப் பாடமாகியிருந்தது. அன்றோடு கவிஞர் கெட்டார்.

அதன் பிறகு கஞ்சனும் பெருந்தகை, குடிகாரனும் பெருந்தகை, காது குத்தாத குழந்தையும் பெருந்தகை. எல்லாருக்கும் அமுத மதிமுகம். செத்தவர் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. துண்டுக் கடதாசியில் பெயரும் திதியும் வந்தால் போதும். சண்டைக் காலத்தில் சாவுக்குப் பஞ்சமா? அவர் பாட்டு ஓயவில்லை. இதையெல்லாம் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். வாவிக்குயில் என்றால் சும்மாவா, குயிலுக்கும் ஒரே பாட்டுத்தானே தெரியும் என்பார்.

இவற்றை அச்சடித்தவர் ஆதம்பாவா. காத்தான்குடி ஆள், அப்போது பட்டணத்தில் அச்சகம் வைத்திருந்தார். அச்சடிக்கிற எதற்கும் கொழும்புக்குப் பிரதி அனுப்பவேண்டும் என்று சட்டம். மற்ற அச்சகக்காரர்கள் அந்தச் சட்டத்தைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். ஆதம்பாவா மட்டும் கல்வெட்டைக்கூட விடாமல் தபாலில் சேர்ப்பார். இது தெரிய வந்த நாளிலிருந்து கோணாமலையைப் பிடிக்க முடியவில்லை. “நம்மட நூல்கள் எல்லாம் தேசிய நூலகத்தில இரிக்கி,” என்று கலியாண வீட்டில் சொன்னார், கூட்டுறவுக் கூட்டத்தில் சொன்னார், சந்தையில் மீன் வாங்கும்போதும் சொன்னார். நூல்கள் என்று பன்மையில் சொல்வதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

அந்தப் பெருமை தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சமாதானம் என்று சொல்லிச் சண்டையை நிறுத்தி வைத்திருந்த காலம். பாதை திறந்து கொழும்பு பஸ் ஒழுங்காக ஓடியது. ஒரு காலையில் கண்ணகை வந்தாள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவள். உன்னிச்சையில் வாழ்ந்தவள், எண்பத்தைந்தில் அங்கே படையினர் நடத்திய சுற்றிவளைப்புக்குத் தப்பி, வயிற்றில் பிள்ளையோடு வாவி கடந்து இந்தக் கரைக்கு வந்தவள். ஓடி வருவதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள்தான் அவளுடைய புருசன் சாமித்தம்பி வயலில் பாம்பு கடித்துச் செத்திருந்தான். பெரிய நிலக்காரரான வினாயகமூர்த்திப் போடியாரின் வயல்களைப் பொறுப்பாகப் பார்த்த முல்லைக்காரன் அவன்.

சாமித்தம்பிக்கும் கோணாமலைதான் பாடினார். யாரோ உறவுக்காரன் துண்டுக் கடதாசியோடு வந்தான். கூடவே வீட்டில் இருந்த ஒரே படத்தையும் உறையில் போட்டு ஒட்டிக் கொண்டு வந்தான். உறையைப் பிரிக்காமலே கோணாமலை ஆதம்பாவாவிடம் அனுப்பினார். கல்வெட்டு அச்சாகிக் கட்டாக உன்னிச்சைக்குப் போனபோது ஊரில் ஆட்கள் இல்லை. முப்பத்தோராம் நாளும் நடக்கவில்லை. அந்தக் கட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கொடுத்த படமும் திரும்பி வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் ஆதம்பாவாவின் அச்சகமும் எரிந்தது. ஆகக் கண்ணகை அந்தக் கல்வெட்டைக் கண்ணால் கண்டதேயில்லை.

“மனேச்சர் அண்ணன், நிரோசினிக்குக் கலியாணம் சரிவந்திட்டு,” என்றாள் கண்ணகை. “அதுக்கு முதல் அப்பாட முகத்த ஒருக்காப் பாக்கோணும் எண்டு நிக்கிறாள். உங்கட புத்தகமெல்லாம் கொழும்பில பத்திரமா இரிக்கி எண்டு சொல்லுவீங்களே. அதில அவர்ர படம் இரிக்கும்தானே?”

நிரோசினி தாய்க்குப் பின்னால் நின்றாள். வெயில் கொளுத்தியது. அந்த வெக்கையிலும் தலைமயிரை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு முகத்தை மூடினாற்போல நிற்பது அவளுடைய வழக்கம். சின்ன வயதில் ஒருமுறை சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க வந்தபோது, “மனேச்சர் மாமா, எங்கட அப்பா எப்பிடி இருப்பார்?” என்று அவரிடம் கேட்டவள் அவள். கவிஞருக்கு வாய் சும்மா இருக்குமா? “நிலவு மாதிரி முகம் மகள். நான் பாடியே வச்சிரிக்கன்,” என்று சொல்லி, இரண்டு வரியை இராகத்தோடு பாடியும் காட்டினார். பிள்ளை அதைக் கேட்டுவிட்டு மண்ணெண்ணெய்ப் போத்தலோடு போனது.

இல்லை என்று சொல்ல இனி வழியில்லை. கோணாமலை காத்தான்குடிக்குச் சைக்கிளை மிதித்தார். ஆதம்பாவா ஒரு சின்ன அறையில் மறுபடி அச்சு வேலை தொடங்கியிருந்தார். “அனுப்பினது அனுப்பினதுதான் மனேச்சர். அதில நான் ஒருநாளும் பிழை விட்டதில்ல,” என்றார். “ஆனா படம் போட்டனா எண்டு கேட்டா, அது மட்டும் எனக்கு ஞாபகமில்ல. படம் அடிக்கிற புளொக்கு கொழும்பில இருந்துதானே வரோணும். அந்த நேரம் பாதை எப்பிடிக் கிடந்ததோ.”

இதைக் கண்ணகையிடம் சொல்லக் கோணாமலைக்கு மனம் வரவில்லை. கொழும்புக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. செத்தவர்களுக்குப் பாடியது போதும், உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள் என்று மனைவி அன்னப்பூரணி வேட்டியை மடித்துப் பையில் வைத்தாள். புனைபெயர் பொறித்த விசிட்டிங் காட்டையும் அவர் அதனுள்ளே வைத்தார். தேசிய நூலகத்தில் யாராவது கேட்டால் கொடுப்பதற்காக.

கொழும்பில் ஒருவரும் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் வீட்டில் குளித்து, வெள்ளை வேட்டியும் சட்டையும் சால்வையுமாக, விசிட்டிங் காட்டைச் சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போய் இறங்கினார். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதினார்கள். கோணாமலை என்றுதான் அதில் இருந்தது. என்ன காரணம் என்று உள்ளே கேட்டதற்கு ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நடந்து போகும் வழியில் அலுமாரிகளுக்குப் பின்னால் அலுமாரிகளாக, ஒரு நாடு முழுக்க அச்சடித்த கடதாசி. இத்தனைக்கும் நடுவில் நானும் இருக்கிறேன் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு விம்மியது. பொய் சொல்வானேன், கண்ணகையின் காரியம் அந்த நேரத்தில் கொஞ்சம் மறந்தும் போனது.

தமிழ்ப் பகுதியில் சபூரா என்ற அலுவலர் இருந்தார். ஏறாவூர்ப் பெண். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, நூற்பட்டியல் அட்டைகள் அடுக்கிய இழுப்பு லாச்சிகளைக் காட்டினார். கோணாமலை சாமித்தம்பியின் பெயரில் தேடினார். இல்லை. உன்னிச்சை என்று தேடினார். இல்லை.  சரி, ஆசிரியர் பெயரில் பார்ப்போம் என்று வாவிக்குயிலோனின் லாச்சியை இழுத்தார். ஒரு கட்டு அட்டையாவது இருக்கும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தார். ஒரேயொரு அட்டை இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் பாடியவருக்கு ஒரு அட்டை. அதையும் வாசித்தார். ‘நினைவுக் கல்வெட்டு. பாடல் ஒன்றே. இறந்தவரின் பெயரும் திதியும் மட்டும் மாறும். எல்லாப் பிரதிகளும் ஒரே பெட்டியில்.’ கோணாமலை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அத நான்தான் எழுதின சேர்,” என்றார் சபூரா, பக்கத்தில் வந்து நின்று. “முதல்ல ஒவ்வொண்டுக்கும் ஒரு அட்டை போட்டுக்கொண்டு வந்தன். நாலஞ்சு வாசிச்ச மறுகாதான் விளங்கினது, மனிசன் எழுதினதே ஒண்டுதான் எண்டு. நீங்க இவரப் பத்தியா ஆராய்ச்சி?”

கோணாமலை சால்வையைச் சரிசெய்தார். ஓம் என்று தலையாட்டினார். வேறு என்ன செய்வது? அந்தாள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று சபூரா கேட்டதற்கு, இருக்கிறார் என்றுதான் கேள்வி என்றார். அப்படியென்றால் அவர் போனால் அவருக்கு யார் பாடுவார்கள் என்று அந்தப் பெண் சிரித்தபடி யோசித்தார். பிறகு, அது ஒன்றும் கஷ்டமில்லை, பாட்டுத்தான் தயாராக இருக்கிறதே என்று தானே பதிலும் சொன்னார். கோணாமலையும் சேர்ந்து சிரித்தார். விசிட்டிங் காட் சட்டைப்பைக்குள் இருந்து நெஞ்சைக் குத்தியது.

பெட்டி வந்தது. சாமித்தம்பியின் கல்வெட்டு அடியில் கிடந்தது. ஆதம்பாவா பிழை விடவில்லை. கோணாமலை அதை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தார். முன்னட்டையில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. புளொக்கு வந்து சேரவில்லை. படம் இல்லாதவர்களுக்கு ஆதம்பாவா போடுகிற அதே விளக்கு. அதற்குக் கீழே அமுத மதிமுகம்.

 இனி அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது? வெறுங்கையோடு பஸ் ஏறுவதை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நேரம் தள்ளிப்போடுவதற்காகத்தான் மற்றக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அப்போதுதான், தான் பாடிய முகங்களை முதல்முறையாகப் பார்க்கிறோம் என்பது அவருக்குப் புத்தியில் தட்டியது. பல்லு முன்தள்ளிய முகம், அம்மைத் தழும்பு முகம், படமெடுக்கிறவனுக்குப் பயந்து முழிக்கிற முகம். குறுக்குக் கண்ணோடு ஒரு கிழவி அவரை விடாமல் பார்த்தாள். ஒருவருக்காவது நிலவு முகம் இல்லை. இத்தனை பேரையும் பிடித்து ஒரே சோப்புப் போட்டுத் தேய்த்து வெளுத்திருக்கிறேனே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிய முன்னமே வெட்கம் வந்தது. அது நல்ல வெட்கம் அல்ல. உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

அப்படிப் புரட்டும்போது வினாயகமூர்த்திப் போடியாரின் கல்வெட்டு கைக்கு வந்தது. போடியார் சாமித்தம்பிக்கு முந்திய வருடம் செத்தவர். பாதை நன்றாக இருந்த காலம், குடும்பத்திடம் வசதியும் இருந்தது. ஆகவே பாட்டுக்கு நடுவே ஒரு பக்கம் முழுக்கப் படம். உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் திறக்கிற நாளில் மாலையும் கழுத்துமாகப் போடியார் நடுவில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள். கீழே ‘முல்லைக்காரர் சாமித்தம்பி முதலானோர் சூழ’ என்று அச்சிட்டிருந்தது.

கோணாமலை படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். இருக்கிறான். இந்த நாலைந்து பேரில் ஒருவனாக இருக்கிறான். ஆனால் எவன்? போடியாருக்குக் குடை பிடித்தபடி, வட்ட முகத்தோடு, எடுப்பாக ஒருவன் நின்றான். அவனாகத்தான் இருக்கவேண்டும் என்று கோணாமலை முடிவு கட்டினார். மதிமுகம் என்று பாடியிருக்கிறேனே.

சபூராவிடம் போய், குடை பிடிக்கிறவரை மட்டும் பெரிதாக்கிப் போட்டோக் கொப்பி எடுக்க முடியுமா என்று கேட்டார். யாருக்கு என்று சபூரா கேட்டார். கோணாமலை ஆராய்ச்சியைக் கைவிட்டு, கண்ணகையின் கதையையும் நிரோசினியின் கலியாணத்தையும் சொன்னார். எழுதினவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவுக்கு அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

சபூரா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இவர்தான் எண்டு நிச்சயமாத் தெரியுமா சேர்? நீங்க ஆளக் கண்டிரிக்கீங்களா?”

காணவில்லை என்று கோணாமலை சொன்னார். சபூரா பக்கம் முழுவதையும் பெரிதாக்கி, ஒரு முகமும் வெட்டுப்படாமல் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இருந்த புத்தி தனக்கு இல்லாமல் போனதே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் தன்னைத் தானே ஏசிக்கொண்டு வந்தார். பயம் வேறு. கறுப்பும் வெள்ளையுமான பிரதி. கண்ணகைக்கும் அடையாளம் தெரியாமல் போனால்?

கண்ணகை அடுப்படியில் மாக்குழைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிச் சேலையில் துடைத்துவிட்டு வந்தாள். நிரோசினி தள்ளி நின்றாள். கோணாமலை போட்டோக் கொப்பியை விரித்தார். வாய் சும்மா இருக்கவில்லை. குடைக்காரன்மேல் விரலை வைத்து, இவர்தானே தங்கச்சி என்றார்.

“அது போடியார்ர மருமகன்,” என்றாள் கண்ணகை. அவளுடைய விரல் குடையைத் தாண்டி, மாலையைத் தாண்டி, படத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே மண்வெட்டியோடு ஒரு மெலிந்த மனிதன் நின்றான். எல்லாரும் படமெடுக்கிறவனைப் பார்க்க, அவன் மட்டும் வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒட்டிய கன்னம். இரண்டு காதும் அரிசி புடைக்கிற சுளகு மாதிரி வெளியே விரிந்து நின்றன.

“இவர்தான்,” என்றாள். 

நிரோசினி கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய கை தானாக எழுந்து, எப்போதும் கன்னத்தை மூடிக் கிடக்கும் மயிரை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டது. அவள் பிறந்ததிலிருந்து அவளைக் கடையில் கண்டுகொண்டிருந்த கோணாமலை அந்தக் காதை அன்றைக்குத்தான் கண்டார். படத்தில் இருந்த அதே காது.

“அப்ப அம்மா சொன்னது உண்மைதான்,” என்றாள் பெண்.

கண்ணகை கண்ணைத் துடைத்தாள். “எத்தின தரம் சொன்னன், இது அப்பாட காது மகள் எண்டு. பள்ளிக்கூடத்தில பிள்ளைகள் சுளகு எண்டு பகிடி பண்ண, இவள் வந்து அழுவாள். அப்பாவுக்கு நிலவு முகம் எண்டு மனேச்சர் மாமா பாடினாரே, நீ சும்மா ஆறுதலுக்குச் சொல்றாய் எண்டுவாள். தன்ன எங்கயோ இருந்து நான் எடுத்து வளர்க்கன் எண்டும் ஒருக்காச் சொன்னவள்.”

கண்ணகை குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் கோணாமலைக்கு நிற்க நிலம் போதவில்லை. இருபது வருடமாகத் தன் பாட்டால் யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரியைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை தாயை நம்பாமல், வெயிலிலும் காதை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நம்பாமல் விட்டிருக்கவேண்டியது தன்னைத்தான் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கவிஞருக்கு வார்த்தை வராமல் போனது அதுதான் முதல் தடவை.

கலியாணத்துக்கு வாழ்த்துப்பா வேண்டும் என்று கண்ணகை கேட்டாள். வாழ்த்துக்கும் அவரிடம் தயாராக ஒன்று இருந்தது. அதிலும் மணமகளுக்கு மதிமுகம்தான். கோணாமலை அதை எடுக்கவில்லை. எழுதும் முன் கண்ணகை வீட்டுக்கு ஒருமுறை போய், பிள்ளையை எதிரே இருக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எதுகை சரியாக விழவில்லை. முதல் கல்வெட்டுக்குப் பட்ட பாட்டைவிட அதிகம் பாடுபட்டார். தண்ணீரின் சத்தத்தைத் தகப்பன் கேட்ட காது, மகளிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒருவாறு எழுதி முடித்தார். அன்னப்பூரணி கேட்டுவிட்டு, தளை தட்டுகிறது, ஆனால் பொய் இல்லை என்றாள்.

கலியாணத்தன்று, கொழும்பிலிருந்து வந்த அந்தப் படம் மாலையோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றது. நிரோசினி மயிரை முழுக்க வாரி உயரக் கொண்டை போட்டிருந்தாள். இரண்டு காதிலும் பெரிய தோடு. வாழ்த்தை வாசித்தபோது, பாடமில்லாத பாட்டாக இருந்ததால் ஊருக்குக் கூடச் சேர்ந்து பாடத் தெரியவில்லை. காது வந்த இடத்தில் பெண்கள் கண்ணைக் கசக்கினார்கள். மணமகள் மட்டும் சிரித்தாள்.

வாழ்த்துப்பாவை அச்சடித்த ஆதம்பாவா வழக்கம்போலக் கொழும்புக்குப் பிரதி அனுப்பினார். வாவிக்குயிலோனின் லாச்சியில் சபூரா இன்னொரு அட்டை எழுதி வைக்கவேண்டியிருக்கும்.